அமைவுக் கோப்புகளில் முன்னமைவும் மாற்றமைவும்: எல்லைப்புறப் பள்ளிகளுக்கு ஒரு விளக்கம்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை இராஜ்யத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நிலத்தின்மீது எல்லைக்கோடு வரையலாம். மக்களின் பேச்சு அக்கோட்டின்படி பிரிந்து நிற்பதில்லை. எல்லையின் இரு மருங்கிலும் தமிழும் மலையாளமும் கலந்தே வழங்குகின்றன.

இந்நிலையைச் சட்டமும் கருத்திற் கொண்டுள்ளது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழிகளாக வகுத்துவிட்டு, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும், சிறுபான்மைப் பகுதிகள் என அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள உள்ளூர் அலுவலகங்களுடனும் தத்தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்றும், அவற்றுக்கு அதே மொழியில் மறுமொழி தரப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. பொதுவிதி ஒன்று உளது; அதனைக் குலைக்காமல், வேறுபடும் இடத்தை மட்டும் சுட்டும் சிறப்புவிதி ஒன்றும் உளது. ஒருவர் வாய் திறந்து வேறொன்று கேளாத வரையில் பொதுவிதி செல்லும். கேட்டபின் சிறப்புவிதி செல்லும்.

இவ்விரண்டு விதிகளின் உறவே கணிப்பொறியின் அமைவுக் கோப்புகளிலும் காணப்படுகிறது. இன்று பள்ளிகளுக்கு வரும் கணிப்பொறி ஒவ்வொன்றும் எந்த மொழியில் பேசுவது, எந்த விசைப்பலகை முறையில் எழுத்துகளைப் பெறுவது, நாளையும் மாதத்தையும் எவ்வாறு குறிப்பது என்பனபோன்ற நூற்றுக்கணக்கான விஷயங்களை முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டு வருகிறது. மாநிலம் முழுவதற்கும் பொருந்துமாறு வகுத்த தீர்மானம் எல்லைப்புறச் சிற்றூரின் தமிழ் வகுப்புக்குப் பொருந்தாமற் போவது இயல்பே. அங்கே ஆசிரியரோ கள ஊழியரோ செய்யும் மாற்றம் நிலைத்து நிற்குமா, அடுத்த புதுப்பித்தலில் அழிந்துபோகுமா என்பது, அம்மாற்றத்தை எவ்விடத்தில், எம்முறையில் எழுதினார் என்பதையே பொறுத்துள்ளது.

முன்னமைவு என்பது யாது?

பயனர் எதுவும் கூறாதபோது மென்பொருள் தானாகவே மேற்கொள்ளும் மதிப்பு முன்னமைவு எனப்படும். ‘டிஃபால்ட்’ என்று பேச்சு வழக்கில் கூறுவது இதனையே. அதனை மீறி, ஓர் இயந்திரத்துக்கோ ஒரு பயனருக்கோ உரியதாக எழுதப்படும் மதிப்பை மாற்றமைவு எனலாம். இவ்விரண்டும் எழுத்து வடிவில் வைக்கப்படும் இடமே அமைவுக் கோப்பு. அது பெரும்பாலும் சாதாரண எழுத்துக்கோப்பேயாகும். இடப்புறம் ஒரு பெயரும், சமக்குறியும், வலப்புறம் ஒரு மதிப்பும் கொண்ட வரிகளால் ஆனது.

நல்ல முன்னமைவு இருவகைப் பயன் தரும். ஒன்றும் அறியாத புதியவரும் உடனே பணி தொடங்க இயலும் என்பது ஒன்று. பலர் பட்டறிவால் கண்ட திருத்தங்கள், முன்னமைவை ஓரிடத்தில் மாற்றிய அளவிலேயே எல்லா இயந்திரங்களையும் சென்றடையும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது பயனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்னமைவுக் கோப்பை நேராகத் திருத்துபவர் இப்பயனையே இழக்கிறார்.

அடுக்குகளின் அமைப்பு

பள்ளிக் கணிப்பொறியின் முன்னமைவு ஒருவர் கையால் ஒரே தடவையில் ஆனதன்று. கேரளத்தில் 2001ஆம் ஆண்டு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அது ‘கைட்’ எனச் சுருக்கமாக வழங்கும் அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கென இதன் வழியே வழங்கப்படும் இயக்க முறைமை, க்னூ லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளாகும். 2019ஆம் ஆண்டு வெளியான பதிப்பு, உபுண்டு 18.04 என்னும் முறைமையை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டு 2004ஆம் ஆண்டில் தோன்றியது. அதுவும் 1993இல் தொடங்கிய டெபியன் என்பதன்மீது எழுந்ததாகும்.

ஆகவே ஒரே அமைவுக்கு டெபியன் ஒரு மதிப்பைக் கூறலாம். உபுண்டு அதனை மாற்றலாம். பள்ளிப் பதிப்பு மீண்டும் மாற்றலாம். பள்ளியின் நிர்வாகி தம் இயந்திரங்களுக்கென மாற்றலாம். இறுதியாகப் பயனர் தமக்கென மாற்றலாம். ஓடுவேய்ந்த கூரையில் மேல்ஓடு கீழ்ஓட்டை மூடுவது போன்று, பயனருக்கு மிக அண்மையில் உள்ள அடுக்கு தொலைவில் உள்ளதை மூடும். மேல்ஓட்டை எடுத்துவிட்டால் கீழ்ஓடு மீண்டும் தெரியும், அது உடைக்கப்படவில்லை.

இவ்வடுக்குகளுக்கு லினக்ஸ் முறைமை தனித்தனி இடங்களை வகுத்துள்ளது. ‘யூ.எஸ்.ஆர்.’ என்னும் அடைவில் உள்ளவை மென்பொருளை வழங்கியவரின் உடைமை. ‘ஈ.டி.சி.’ என்னும் அடைவில் உள்ளவை அவ்வியந்திரத்தின் நிர்வாகிக்கு உரியவை. பயனரின் இல்ல அடைவில், புள்ளியில் தொடங்கும் ‘கான்ஃபிக்’ என்னும் மறைவு அடைவில் உள்ளவை அப்பயனருக்கே உரியவை. எந்தக் கோப்பைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்பதை அதன் இருப்பிடமே தெரிவித்துவிடுகிறது.

மொழித் தெரிவு: ஓர் எடுத்துக்காட்டு

முந்துரிமை எவ்வாறு செயற்படுகிறது என்பதனை மொழி அமைவைக் கொண்டு விளக்கலாம். இயந்திரம் முழுமைக்கும் உரிய மொழி, ‘ஈ.டி.சி.’ அடைவில் ‘டிஃபால்ட்’ என்னும் உள்ளடைவிலுள்ள ‘லொகேல்’ என்ற கோப்பில் எழுதப்படுகிறது. அதில் ‘லேங்’ என்னும் பெயருக்கு ‘இந்திய மலையாளம்’ என்பதற்குரிய குறியீடு தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். வேறொன்றும் கூறப்படாவிடில் செய்திகள், நாள்கள், எண்கள், அகரவரிசை ஆகிய அனைத்தும் மலையாள மரபையே பின்பற்றும்.

இனி, தமிழ் வகுப்பின் ஆசிரியர் நாள், மாதப் பெயர்களை மட்டும் தமிழில் பெற விரும்புகிறார் எனின், ‘எல்.சி. டைம்’ என்னும் பெயருக்கு ‘இந்தியத் தமிழ்’ என்பதன் குறியீட்டைத் தந்தால் போதும். ‘லேங்’ என்பது பொதுவிதி, ‘எல்.சி. டைம்’ என்பது அதன் ஒரு பகுதிக்கான சிறப்புவிதி. பிற பகுதிகள் முன்போலவே நிற்கும். இவ்விரண்டுக்கும் மேலாக ‘எல்.சி. ஆல்’ என்பது ஒன்றுண்டு. அதற்கு ஒரு மதிப்பைத் தந்துவிட்டால் ஏனைய பகுதிக் குறிப்புகள் அனைத்தும் செல்லாதனவாகிவிடும். சோதனைக்காகச் சிறிதுநேரம் உபயோகிப்பதற்கே அது ஏற்றது. அதனை நிலையான கோப்பில் எழுதிவைத்துவிட்டு, ‘நாள் அமைவை எத்தனை தடவை மாற்றியும் பலனில்லையே’ என்று வருந்துவது களத்தில் நேரக்கூடிய பிழையாகும்.

திரையிற் காணும் செய்திகளுக்கு மட்டும் ‘லேங்குவேஜ்’ என்னும் மற்றொரு பெயர் உண்டு. இதற்கு ஒரே மொழியைத் தரவேண்டும் என்பதில்லை. முந்துரிமை வரிசையாகப் பல மொழிகளைத் தரலாம். ‘தமிழ், மலையாளம்’ என வரிசையிட்டால், மென்பொருள் ஒவ்வொரு செய்திக்கும் முதலில் தமிழ்ப் பெயர்ப்பைத் தேடும். அது இல்லையெனில் மலையாளப் பெயர்ப்பை எடுக்கும். அதுவும் இல்லையெனில் மூலத்திலுள்ள ஆங்கிலச் சொல்லையே காட்டும். தமிழாக்கம் முற்றுப்பெறாத மென்பொருளிலும், தமிழ் விரும்பும் மாணவர் விடுபட்ட இடங்களில் தமக்குப் பழக்கமான மலையாளத்தைக் காண்பர். பாறசாலைப் பகுதியின் இருமொழிச் சூழலுக்கு இவ்வேற்பாடு மிகவும் இயைந்தது.

மூலக் கோப்பைத் திருத்துவதால் வரும் கேடு

விசைப்பலகை முறை ஒன்றில் ஓர் எழுத்து தாம் விரும்பும் விசையில் இல்லை என ஆசிரியர் ஒருவர் காண்கிறார் எனக் கொள்வோம். தேடிப் பார்த்ததில் விசைகளின் அட்டவணை ‘யூ.எஸ்.ஆர்.’ அடைவில் இருப்பது தெரிகிறது. நிர்வாகியின் அனுமதியுடன் அதனைத் திறந்து ஒரு வரியைத் திருத்துகிறார். வகுப்பு செவ்வனே நடக்கிறது. சில மாதங்களுக்குப்பின் அவ்வட்டவணையைக் கொண்ட பொதி புதுப்பிக்கப்படுகிறது. திருத்தம் மறைந்துவிடுகிறது, எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. மாணவர் பழகிய விசையில் வேறெழுத்து விழுகிறது. அது செய்முறைத் தேர்வுக் காலமாயின் விளையும் தொல்லையைக் கூற வேண்டுவதில்லை.

இதில் இயந்திரத்தின் குற்றம் ஏதுமில்லை. ‘யூ.எஸ்.ஆர்.’ அடைவு வழங்கியவரின் உடைமையாதலின், புதிய பதிப்பு வரும்போது பழையதை முற்றாக நீக்கிப் புதியதை வைப்பதே அதன் முறை. ‘ஈ.டி.சி.’ அடைவிலுள்ள அமைவுக் கோப்புகளின் நிலைமை வேறு. டெபியன் வழிவந்த முறைமைகளில் ‘டி.பி.கே.ஜி.’ என்னும் பொதி மேலாளர், அமைவுக் கோப்பு என அறிவிக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் வழங்கியபோதிருந்த வடிவத்தின் அடையாளக் கணக்கு ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்கிறது. புதுப்பிக்கும்போது, முன்பு வழங்கிய வடிவம், இப்போது இயந்திரத்தில் உள்ள வடிவம், புதிதாக வந்துள்ள வடிவம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுகிறது. இதனால் நான்கு நிலைகள் எழுகின்றன.

இருவரும் மாற்றவில்லை எனின் செய்வதற்கு ஒன்றுமில்லை. வழங்கியவர் மட்டும் மாற்றியிருப்பின் புதிய வடிவம் வினா எழுப்பாமல் ஏற்கப்படும். உள்ளூர் நிர்வாகி மட்டும் மாற்றியிருப்பின் அவருடைய வடிவம் அப்படியே காக்கப்படும். இருவருமே மாற்றியிருப்பின், எதனை ஏற்பது என்று பொதி மேலாளர் நிர்வாகியைக் கேட்கும். விடை கூறாமல் நுழைவு விசையை மட்டும் அழுத்தினால் இயந்திரத்தில் உள்ள வடிவமே காக்கப்படும். கைவிடப்பட்ட வடிவமும் வேறு பெயருடன் பக்கத்திலேயே வைக்கப்படும். எனவே இவ்வினாவைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. ஆனால் படிக்காமலே விடையளித்தலும் கூடாது. நான்காம் நிலை தோன்றாதவாறு மாற்றமைவைத் தனிக்கோப்பில் எழுதுவது அதனினும் மேலானது.

வேறுபாட்டை மட்டும் எழுதுதல்

முன்னமைவுக் கோப்பை முழுவதும் நகலெடுத்து, அதில் ஒரு வரியை மட்டும் மாற்றி, மாற்றமைவாக வைப்பது பரவலான வழக்கம். நகலில் இருநூறு வரிகள் இருப்பின், ஒரு வரியே ஆசிரியரின் விருப்பம்; ஏனைய நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அன்றைய முன்னமைவின் நிழல். பின்னர் வழங்கியவர் அவற்றுள் ஒரு பிழையைத் திருத்தினாலும் அத்திருத்தம் அவ்வியந்திரத்தைச் சேராது. நகல் அதனை மறைத்து நிற்கும். ஒரு சொல்லைத் திருத்தும் பொருட்டுப் புத்தகம் முழுவதையும் கையால் படியெடுத்து வைத்துக்கொள்பவர், அடுத்த பதிப்பில் வரும் திருத்தங்களை இழப்பது போன்றது இது.

வேறுபடும் வரியை மட்டும் எழுதுவதே முறை. தமிழ் மொழிக்கென உலகளவில் தொகுக்கப்பட்டுள்ள தரவே இதற்குச் சிறந்த சான்றாகும். யூனிகோடு நிறுவனம் பேணிவரும் மொழி, வட்டாரத் தரவுத் தொகுப்பில் ‘தமிழ்’ என்னும் பொதுப்பதிவு ஒன்று உண்டு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் தமிழுக்குத் தனிப்பதிவுகளும் உள்ளன. தனிப்பதிவில் மாதப் பெயர்களையோ கிழமைப் பெயர்களையோ மறுபடி எழுதுவதில்லை. அவை பொதுப்பதிவிலிருந்தே பெறப்படுகின்றன. மலேசியப் பதிவும் சிங்கப்பூர்ப் பதிவும் எண்ணைப் பிரித்தெழுதும் முறையில் வேறுபடுகின்றன: பொதுப்பதிவின்படி 1,00,000 எனப்படுவது அங்கே 100,000 என எழுதப்படும். இலங்கைப் பதிவு 24 மணி நேரக் குறிப்பை மேற்கொள்கிறது. பொதுப்பதிவில் ஒரு பிழை திருத்தப்பட்டால் அத்திருத்தம் எல்லா நாட்டுத் தமிழையும் ஒருங்கே சென்றடைகிறது.

இதே கருத்துடன் பல மென்பொருள்கள், மூலக் கோப்பின் பெயருடன் ‘டி’ என்னும் எழுத்தைச் சேர்த்த துணை அடைவு ஒன்றை அனுமதிக்கின்றன. அதில் இடப்படும் சிறு கோப்புகள் மூலக் கோப்புக்குப்பின், பெயர் வரிசைப்படி படிக்கப்படும். ஒரே பெயருக்கு இரு மதிப்புகள் இருப்பின் பிந்திப் படிக்கப்பட்டதே பொதுவாகச் செல்லும். வரிசையைக் காட்ட இக்கோப்புகளின் பெயர்கள் எண்ணில் தொடங்குவதுண்டு. இவ்வரிசை எழுத்து வரிசையே என்பதைக் கவனித்தல் வேண்டும்: 10 எனத் தொடங்கும் கோப்பு 9 எனத் தொடங்குவதற்கு முன்னரே படிக்கப்படும். ஆதலின் 09, 10 என ஈரிலக்கமாக எழுதுவது பாதுகாப்பானது. வேறு சில மென்பொருள்கள் பயனரின் அடுக்கிலிருந்து தேடத் தொடங்கி, முதலிற் கண்டதையே ஏற்கும். முறை இரண்டாயினும் முடிவு ஒன்றே: பயனருக்கு அண்மையில் உள்ளது வெல்லும்.

பட்டியல்களில் எழும் சிக்கல்

ஒரு பெயருக்கு ஒரே மதிப்பு இருக்கும்போது மாற்றமைவு எளிது. மதிப்பு ஒரு பட்டியலாக இருக்கும்போது, மாற்றமைவு பழைய பட்டியலை நீக்குமா அல்லது அதனுடன் சேருமா என்ற வினா எழுகிறது. மென்பொருளுக்கு மென்பொருள் இதற்கு விடை வேறு.

உபுண்டு உபயோகிக்கும் க்னோம் மேசைத்தளத்தில் விசைப்பலகை முறைகள் ஒரு பட்டியலாக உள்ளன. நிர்வாகி ‘ஆங்கிலம், மலையாளம்’ என முன்னமைவு வகுத்திருப்பதாகவும், தமிழாசிரியர் தம் கணக்கில் ‘தமிழ்’ என்று மட்டும் எழுதுவதாகவும் கொள்வோம். இங்கே மாற்றமைவு முழுப்பட்டியலையும் நீக்கிவிடும். ஆங்கிலமும் மலையாளமும் மறைந்து, ஆங்கில எழுத்தில் தரவேண்டிய கட்டளைகளைத் தட்டச்சிட வழியின்றி ஆசிரியர் நிற்க நேரும். மூன்றையும் அவர் எழுதியிருத்தல் வேண்டும்.

கடிகாரத்தை வலைப்பின்னல் வழியே சரிசெய்யும் ‘டைம்சிங்க்-டி’ என்னும் சேவையிலோ நிலைமை மாறானது. நேர வழங்கிகளின் பட்டியலைத் துணைக்கோப்பில் எழுதினால் அது முன்னர் எழுதியதனுடன் சேரும். முந்தைய பட்டியலை நீக்க விரும்பினால், முதலில் அப்பெயருக்கு வெற்று மதிப்பைத் தந்து, அடுத்த வரியில் புதிய பட்டியலை எழுதுதல் வேண்டும். பட்டியல் அமைவு எதனையும் தொடுமுன் அது எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அந்தந்த மென்பொருளின் கையேட்டில் பார்த்தறிவது நன்று.

கூறாமையும் அதனையே கூறுதலும்

முன்னமைவும் பயனரின் மதிப்பும் ஒன்றாயிருப்பின் பயனர் எதுவும் கூறவில்லை என்று கொள்ளலாமா? கூடாது. தமிழ் விசைப்பலகையில் இரு முறைகள் வழக்கில் உள்ளன. ஒன்று 1991ஆம் ஆண்டின் இந்தியத் தரத்தில் இடம்பெற்ற இன்ஸ்கிரிப்ட். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அமைப்புடையதாகலின், மலையாளத்தைப் பழகியவர் தமிழையும் எளிதில் பழகலாம். மற்றொன்று 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ் 99. களியக்காவிளைக்கு அப்பால் பயின்று வந்தவர் இரண்டாவதையே விரும்பக்கூடும்.

முன்னமைவு இன்ஸ்கிரிப்ட் எனக் கொள்வோம். ஓர் ஆசிரியர் இதுபற்றி எண்ணிப் பார்த்ததே இல்லை. மற்றோர் ஆசிரியர் இரண்டையும் முயன்று பார்த்து, இன்ஸ்கிரிப்டே தமக்கு ஏற்றது எனத் தெரிந்துகொண்டார். இன்று இருவர் திரையும் ஒன்றே. நாளை முன்னமைவு தமிழ் 99 என மாறினால், முதலாமவர் அதனுடன் செல்ல வேண்டும். இரண்டாமவர் தம் தெரிவிலேயே நிற்க வேண்டும். பயனர் தெரிவு செய்தார் என்னும் செய்தி மாற்றமைவுக் கோப்பில் ஒரு வரியாக இருந்தால்தான் மென்பொருள் இவ்வேறுபாட்டை அறியும். மூடும்போது எல்லா மதிப்புகளையும் பயனரின் கோப்பில் எழுதிவிடும் மென்பொருள், எவரும் தெரிவு செய்யாதவற்றையும் தெரிவு செய்தவையாக ஆக்கிவிடுகிறது. அது போன்றே, ஒரு மாற்றமைவைக் கைவிட விரும்புபவர் அவ்வரியை நீக்க வேண்டும்; இன்றைய முன்னமைவின் மதிப்பை அவ்விடத்தில் எழுதுவது நீக்கியதாகாது.

பூட்டும் அதன் எல்லையும்

சில அமைவுகளைப் பயனர் மாற்றலாகாது என நிர்வாகி விதிக்கவும் இடமுண்டு. க்னோம் மேசைத்தளத்தின் அமைவுகளைக் காக்கும் ‘டி-கான்ஃப்’ என்னும் ஏற்பாட்டில், பூட்டப்பட்ட பெயர்களின் பட்டியலை எழுதிவைத்தால், பயனரின் மதிப்பைப் புறக்கணித்து நிர்வாகியின் மதிப்பே செல்லும். தேர்வு நடக்கும் இயந்திரங்களில் இத்தகைய பூட்டு தேவையாகலாம். பலர் கையாளும் இயந்திரத்தில் பாதுகாப்பு பற்றிய அமைவுகளைப் பூட்டுவதும் தக்கதே.

ஆயினும் மொழியும் விசைப்பலகையும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கநிலையில் தாய்மொழியில் கல்வி பெறுவதற்குப் போதிய வசதிகள் செய்ய முயலுமாறு மாநிலங்களையும் உள்ளூர் அதிகார அமைப்புகளையும் பணிக்கிறது. எல்லா இயந்திரமும் ஒரே தோற்றத்துடன் இருத்தல் வேண்டும் என்னும் சௌகரியத்தை முன்னிட்டு மொழி அமைவைப் பூட்டிவிட்டால், சட்டம் திறந்து வைத்த கதவைக் கோப்பில் ஒரு வரி அடைத்துவிடும். அவ்வரியை எழுதியவர் அவ்வாறு எண்ணியிருக்கமாட்டார்; விளைவு மட்டும் அதுவே.

பகிர்ந்து உபயோகிக்கும் இயந்திரங்கள்

பள்ளியில் ஒரே கணிப்பொறியைக் காலையில் மலையாள வகுப்பும் மாலையில் தமிழ் வகுப்பும் உபயோகிக்கலாம். ஒரே பயனர் கணக்கைப் பகிர்ந்துகொண்டால் ஒரு வகுப்பின் மாற்றமைவு மற்றதன் வகுப்பைக் குலைக்கும். ஒவ்வொரு நாளும் அமைவை மாற்றுவதிலேயே காலம் கழியும். இரு வகுப்புக்கும் தனித்தனிக் கணக்குகளை உண்டாக்கி, மொழித் தெரிவை அவ்வக் கணக்கின் அடுக்கில் வைப்பதே இதற்குத் தீர்வு. இயந்திரத்தின் பொது அமைவைத் தொட வேண்டுவதில்லை.

புதிய கணக்கை உண்டாக்கும்போது ‘ஈ.டி.சி.’யிலுள்ள ‘ஸ்கெல்’ என்னும் அடைவின் கோப்புகள் அக்கணக்கின் இல்ல அடைவில் நகலாக இடப்படும். இது அடுக்கன்று, நகலே என்பதை நினைவில் வைத்தல் அவசியம். ‘ஸ்கெல்’ அடைவில் பிறகு செய்யும் மாற்றம், முன்னரே உண்டாக்கிய கணக்குகளைச் சென்றடையாது. எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டியதை இயந்திரத்தின் அடுக்கிலேயே எழுதுதல் வேண்டும்.

களத்தில் கடைப்பிடிக்கத் தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து கள ஊழியர்களும் ஆசிரியர்களும் நடைமுறையிற் கொள்ளத் தக்க விதிகளைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

1. வழங்கியவரின் அடைவிலுள்ள கோப்பைத் திருத்தற்க. மாற்றம் ஒருவருக்கு உரியதாயின் அவர் இல்ல அடைவிலும், இயந்திரத்துக்கு உரியதாயின் ‘ஈ.டி.சி.’யிலும் எழுதுக.

2. துணை அடைவுக்கு இடமிருப்பின் மூலக் கோப்பை விடுத்து, அதில் தனிக் கோப்பாக எழுதுக. வேறுபடும் வரியன்றி வேறெதனையும் அதிற் சேர்க்கற்க.

3. ஒவ்வொரு மாற்றத்தின் மேலும் குறிப்பு வரியாக, எந்நாளில் எக்காரணம்பற்றி அது செய்யப்பட்டது என எழுதுக. அமைவுக் கோப்புகள் பலவற்றில் எண்குறி போன்ற அடையாளத்துடன் தொடங்கும் வரியை மென்பொருள் பொருட்படுத்துவதில்லை. ஆசிரியர் மாற்றலாகிச் சென்றபின் வருபவருக்கு அவ்வொரு வரியே வழிகாட்டும்.

4. மாற்றம் பலிக்கவில்லையெனின் மேலும் மாற்றங்களைச் செய்துகொண்டே போகாமல், அதற்கு மேலான அடுக்கு ஏதேனும் அதனை மறைக்கிறதா, அல்லது பூட்டு உளதா என முதலிற் காண்க.

5. மாற்றமைவை நீக்கியும் பார்க்க. நீக்கியதும் முன்னமைவு குறைவின்றித் திரும்புமாயின் மாற்றம் முறையாகச் செய்யப்பட்டது எனத் தெளியலாம்.

6. மாற்றமைவுக் கோப்புகளின் படி ஒன்றைப் பள்ளிப் பதிவேட்டுடன் வைத்துக்கொள்க. அவை சிறியனவாதலால், புதிய இயந்திரம் வந்தாலும் முறைமை முழுவதும் மறுபடி நிறுவப்பட்டாலும் சில நிமிஷங்களில் மீண்டும் இடலாம்.

ஒரே மாற்றம் பல பள்ளிகளில் மீண்டும் மீண்டும் தேவைப்படுமாயின், அது தனிவிருப்பம் என்னும் நிலையைக் கடந்துவிட்டது எனக் கொள்ளலாம். எல்லைப்புறப் பள்ளிகள் பலவும் தமிழ் விசைப்பலகையை ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியே சேர்த்துவருமாயின், அதனை முன்னமைவுப் பட்டியலிலேயே சேர்க்குமாறு முறைமையை வழங்குவோருக்குத் தெரிவிப்பது பொருத்தமாகும். கட்டற்ற மென்பொருளில் இதற்கு இடமும் உண்டு. களத்தில் எழுதிய குறிப்பு வரிகள் அப்போது சான்றாக உதவும். முன்னமைவு பெரும்பான்மையின் வசதிக்காக அமைவது. மாற்றமைவு அதனின் வேறுபட்டவரும் அதே இயந்திரத்தில் இடையூறின்றிப் பணியாற்றுவதற்காக அமைவது. இரண்டும் தத்தம் இடத்தில் எழுதப்பட்டால், ஒரு புதுப்பித்தலால் பாறசாலைத் தமிழ் வகுப்பின் விசைகள் மாறிப்போகமாட்டா. பொதுத் திருத்தங்களும் அவ்வகுப்பை வந்தடையத் தவறமாட்டா.